ரெண்டு குதிரை, ஒரு கேரவன், 120 லிட்டர் தண்ணி: ஏற்காட்டுல அஞ்சு நாள்

நேத்து சாயங்காலம்தான் மலைய விட்டு இறங்கினோம். இத நான் குப்புறப் படுத்துக்கிட்டு போன்ல டைப் பண்றேன், ஏன்னா உக்கார முடியல. அஞ்சு நாள்ல குதிரை மேல உக்காந்திருந்த நேரத்தக் கூட்டிப் பாத்தா எட்டு ஒம்போது மணி நேரம் தேறும், மீதி நேரம் பூரா தண்ணி தூக்கினேன், குதிரை லத்தி அள்ளினேன், கயிறு கட்டினேன், ஒரே ஒரு தடவ கயிறு சரியா கட்டல. அந்தக் கதையும் கீழ வருது.

23 ஜனவரி 2025, வியாழன்

யார் யாருன்னு மொதல்ல சொல்லிடறேன். என் மச்சான், அதாவது வீட்டுக்காரியோட தம்பி, வாழப்பாடி பக்கம் தோட்டத்துல ரெண்டு குதிரை வச்சிருக்கான். ஒண்ணு மல்லி, வெள்ளை, மார்வாரி கலப்பு, ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு நுனி ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும், ரெண்டு வருசம் முன்னாடி ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில வாங்கினது. இன்னொண்ணு கட்டையன், செவலை, மட்டக்குதிரை, பேருக்கேத்த உசரம். மல்லிய வாங்கப் போனப்ப வியாபாரி "இதையும் சேத்து ஓட்டிட்டுப் போயிருங்க"ன்னு பாதி விலைக்குத் தள்ளிவிட்டது. ஏன் தள்ளிவிட்டாருன்னு இந்தப் பயணத்துல புரிஞ்சுது.

மச்சான் யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க வீடு மாதிரி வண்டிக்குப் பின்னாடி குதிரை ட்ரெய்லர மாட்டி இழுத்துட்டுப் போயி, காட்டுல கேம்ப் போட்டு, காலைல சவாரி சாயங்காலம் நெருப்புன்னு இருக்கறதப் பாத்துட்டு மூணு மாசமா என்னைய அரிச்சிட்டு இருந்தான். நம்ம மலை ரோட்டுல ட்ரெய்லர் மாட்டி கொண்டை ஊசி வளைவு திரும்பறதெல்லாம் நடக்கிற காரியமா, அதனால குதிரைங்க தனியா பிக்கப் வண்டியில, நாங்க தனியா கேரவன்லன்னு முடிவாச்சு. கேரவன்னா டிராவலர் வண்டிய மாத்திக் கட்டினது, பெட்டு, சிங்க்கு, சின்ன டாய்லெட், மேல சோலார், 120 லிட்டர் தண்ணி டேங்க்கு. வாடகை நாளுக்கு 7,500, டீசல் நம்மது. இந்த 120ங்கற நம்பர நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

பிக்கப்ல குதிரைங்களோட வந்தது குதிரக்கார அண்ணன், மச்சான் தோட்டத்துல அதுங்களப் பாத்துக்கறவர், சின்ன வயசுல கிண்டியில ரேஸ் குதிரை லாயத்துல இருந்தவர். தளத்துல ரப்பர் மேட்டு போட்டு, அது மேல மணலும் வைக்கோலும் போட்டு, அயோத்தியாப்பட்டணம் குப்பனூர் வழியா ஏறினாங்க. நானும் வீட்டுக்காரியும் பாப்பாவும் கேரவன்ல கோரிமேடு அடிவாரம் வழியா. 20 கொண்டை ஊசி வளைவு. கார்ல நூறு தடவ ஏறின ரோடுதான், ஆனா இந்த நீளத்துக்கு வண்டி ஓட்டும்போது ஒவ்வொரு வளைவும் தனித்தனியா அறிமுகம் ஆகுது. ஏழாவதுல எதிர்ல பஸ்ஸு, அவர் ஒதுங்கி நின்னு கையால வா வான்னார், நான் முன்னாடி பின்னாடின்னு மூணு தடவ ஆடி திரும்பினேன், தாண்டும்போது கண்டக்டர் எட்டிப் பாத்து "வீட்டையே எடுத்துட்டு வந்துட்டீங்களாண்ணா"ன்னு கேட்டுட்டுப் போனார். உள்ள சிங்க்குக்கு மேல வச்ச தட்டுவடை செட் பார்சல் பத்தாவது வளைவுல கவுந்து, பீட்ரூட் கேரட் துருவலும் சட்னியும் பெட் மேல ஒரு கோலம் போட்டிருந்துச்சு. சேலத்துக்காரன் சேலத்த விட்டுக் கெளம்பும்போது செட் வாங்காம கெளம்ப மாட்டான், ஆனா மடியில வச்சுக்கணும்னு இப்ப தெரியுது.

எஸ்டேட் நாகலூர் பக்கம். மச்சானுக்குத் தெரிஞ்சவரோட தோட்டம், நாளுக்கு 1,500 குடுத்தா கேம்ப் போட்டுக்கலாம்னு சொல்லியிருந்தார். மெயின் ரோட்டுல இருந்து உள்ள போற வழியில ஒரு சில்வர் ஓக் கிளை தாழ்வா இருந்தத நான் பாத்தேன், வண்டியோட உசரத்த மறந்துட்டேன், அவ்வளவுதான், சோலார் பக்கத்துல ஒரு முழம் நீளத்துக்குக் கீறல். பங்களாவுக்குப் போற கடைசி ஏத்தம் வண்டிக்கு ஆகாதுன்னு காப்பிக் களத்து ஓரமாவே நிறுத்திட்டோம். களத்துல பழம் காயப் போட்டிருந்தாங்க, செவப்பும் கறுப்புமா. காப்பிப் பழத்துல தோல உரிக்கற பல்ப்பர் மிசின் ஓடற பக்கத்துல இருந்து புளிச்ச வாசம், மொத அரை மணி நேரம் மூக்கப் பிடிச்சோம், அப்புறம் பழகிருச்சு.

எங்களுக்கு முன்னாடியே குதிரைங்க வந்து எறங்கி நின்னுச்சுங்க. ரெண்டு சில்வர் ஓக்குக்கு நடுவுல, குதிரை தலைக்கு மேல உசரமா ஒரு கயிறு இழுத்துக் கட்டி, மரத்துப் பட்டை அறுபடாம சாக்கு சுத்தி, அந்தக் கயித்துல இருந்து ஒவ்வொண்ணையும் தொங்கவிட்டு கட்டினார் அண்ணன். கீழ முளை அடிச்சு கட்டினா கால்ல சிக்கிக்கும், மேல கட்டினா படுக்கவும் முடியும் சிக்கவும் செய்யாதுன்னார். நான் ஏதோ ரெண்டு குண்டி உக்கார சேணம், ஒரு கடிவாளம், ஏறு போன்னு நெனச்சிருந்தேன்.

அப்புறம் தண்ணி. கேரவன் டேங்க்குல இருந்து பக்கெட்ல பிடிச்சு வச்சா மல்லி மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. ஊர் மாறினா தண்ணி வாசம் மாறும், சில குதிரை தொடாதாம். அண்ணன் பையில இருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கரைச்சார், அப்புறம் உறிஞ்சின சத்தம் இருக்கே, மோட்டார் போட்ட மாதிரி. பக்கெட் காலி, இன்னொண்ணு, அதுவும் காலி. "ஒரு நாளைக்கு எவ்ளோண்ணா குடிக்கும்?"னு கேட்டேன். "முப்பது லிட்டர் தம்பி, ஏறி எறங்கினா நாப்பது." ரெண்டு குதிரை. நாங்க அஞ்சு பேரு. 120 லிட்டர் டேங்க்கு. வீட்டுக்காரி என்னையப் பாத்தா. குளிக்கறது பத்தி அதுக்கப்புறம் யாரும் பேசல.

ராத்திரி போன்ல 14 டிகிரின்னு காட்டுச்சு. புளிசோறு, வறுத்த அப்பளம். அண்ணன் கேரவனுக்குள்ள படுக்க மாட்டேன்னுட்டு குதிரைங்க பக்கத்துலயே டார்ப்பாய் கட்டிக்கிட்டார்.

24 ஜனவரி, வெள்ளி

காலைல ஆறு மணிக்கு பனி, பத்தடி தள்ளி நிக்கற மல்லி தெரியல, மூச்சுவிடற சத்தம் மட்டும் வருது. ஊற வச்ச கொள்ளு, கோதுமைத் தவிடு, அப்புறம் புல்லு. தின்னு முடிச்ச உடனே ஏறக்கூடாது, ஒரு மணி நேரம் ஆவட்டும்னார் அண்ணன். நாங்க காப்பி குடிச்சோம், எஸ்டேட்ல பறிச்ச காப்பியாங்க அதுன்னு கேக்காதீங்க, சேலத்துல வாங்கின பாக்கெட் பொடி.

மச்சான் மல்லி மேல. எனக்குக் கட்டையன். நான் ஆறடி, ஏறி உக்காந்தா, கால் வைக்கற அங்கவடிய எவ்ளோ எறக்கினாலும் முட்டி மடிஞ்சு தவளை மாதிரி இருக்கேன், பாப்பா சிரிச்சு சிரிச்சு களத்துல உக்காந்துட்டா. காட்டிலாகா எல்லைக்குள்ள அனுமதி இல்லாம போகக்கூடாதுன்னு எஸ்டேட்காரர் தெளிவா சொல்லிட்டார், அதனால தோட்டத்து வழி, ஊர் வழி மட்டும்தான். அதுவே போதும் போதும்னு இருந்துச்சு. சில்வர் ஓக் நெட்டுக்க நிக்குது, அதச் சுத்தி மிளகுக் கொடி, கீழ காப்பி, நடுவுல குதிரை போற அகலத்துக்கு செம்மண் தடம். மிளகு பழுத்து ஆங்காங்க செவப்பு. ஏணி மேல நின்னு மிளகு பறிக்கறவங்க நம்ம தலைக்கு நேரா இருக்காங்க, நடந்து போனா அவங்க கால்தான் தெரியும், குதிரைல போனா மூஞ்சி தெரியுது, அதனால எல்லாரும் பேசறாங்க. "கண்ணாலத்துக்கா போறீங்க?"ன்னு ஒரு அக்கா கேட்டுச்சு. கீழ நின்ன இன்னொரு அக்கா "மாப்பிள்ளைக்குக் கால் தரையில இழுக்குது பாரு"ன்னுச்சு. அது என்னையத்தான்.

இந்தக் காப்பிய 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை கொண்டாந்தாருன்னு ஏற்காட்டுல எந்த போர்டுல பாத்தாலும் இருக்கும். அப்ப இந்த மாதிரி வண்டி ரோடு ஏது, துரைமாருங்க குதிரையிலயோ டோலியிலயோதான் ஏறணும். ரெண்டு கிலோமீட்டர் கட்டையன் மேல உக்காந்ததுக்கப்புறம் எனக்கு டோலியே மேல்னு தோணுச்சு, தூக்கினவங்களக் கேட்டாதான் தெரியும்.

ஏத்தத்துல முன்னாடி சாயணும், பிடரி மயிரப் பிடிச்சுக்கலாம், கடிவாளத்த இழுக்கக்கூடாது. எறக்கத்துல நிமிந்து உக்காந்து குதிகால அழுத்தணும், கயித்தத் தளர விட்டா அது தலையத் தாழ்த்தி கால் வைக்கற எடத்தப் பாத்துக்கும். இதெல்லாம் அண்ணன் பின்னாடி நடந்துக்கிட்டே கத்தினது. எறக்கத்துல நான் பயத்துல கடிவாளத்த இழுத்தேன், கட்டையன் நின்னுட்டான். விட்டேன், போனான். இழுத்தேன், நின்னான். அவன்கிட்ட தப்பு இல்ல.

ஒரு வளைவுல மல்லி திடீர்னு கல்லு மாதிரி நின்னுச்சு. ரெண்டு காதும் முன்னாடி. எங்களுக்கு ஒண்ணும் தெரியல, சத்தமும் இல்ல. மச்சான் கையத் தூக்கி நில்லுன்னான். ஒரு நிமிசம் கழிச்சு அம்பது அடி தள்ளி காப்பிச் செடி ஆடுச்சு, கறுப்பா ஒரு முதுகு, அப்புறம் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு காலு, காட்டெருமை, தடத்தக் குறுக்க தாண்டி நிதானமா அந்தப் பக்கம் போச்சு. மல்லி ஒரு அடி கூட நகரல. கட்டையன் என்ன பண்ணான்னு கேளுங்க, பக்கத்துல இருந்த புல்ல மேஞ்சான்.

மதியம் திரும்பி வந்தா டேங்க்கு காலி. காலைல பாத்திரம் கழுவினது, நேத்து ராத்திரி குடிச்சது, பாப்பா குழாயச் சரியா மூடாதது எல்லாம் சேந்து. எஸ்டேட் மோட்டார்ல பிடிச்சுக்கலாம்னு இருந்தோம், காலைல இருந்து கரெண்ட்டு இல்ல. குதிரை ரெண்டும் வேர்த்து நிக்குது. பக்கெட்ட எடுத்துட்டு நானும் மச்சானும் கீழ தோட்டத்துல வேலை செய்யறவங்க குடியிருக்கற லைன் வீட்டுப் பக்கம் போனோம்.

அங்க ஒரு அம்மா, அறுபது அறுபத்தஞ்சு இருக்கும், வாசல்ல ரெண்டு டிரம்மு ஒரு அண்டா, எல்லாம் மூடி வச்சிருக்கு. குழாத் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருதாம். நான் கேக்கவே கூச்சப்பட்டேன், குடிக்கறதுக்குன்னா கேக்கலாம், குதிரைக்குன்னு எப்படிக் கேக்கறது. அந்தம்மா "வாயில்லா சீவனுக்கு யாராச்சும் இல்லன்னு சொல்வாங்களா கண்ணு"ன்னு டிரம்ம தொறந்துட்டாங்க. ரெண்டு நடை தூக்கினோம், எட்டு பக்கெட்டு. காசு நீட்டினேன், மொறைச்சாங்க. அப்புறம் அவங்களே கேட்டாங்க: "அந்தக் குதிரை லத்திய என்ன பண்றீங்க?" என்ன பண்றது, அள்ளி ஓரமா குவிச்சிருக்கோம். "அதக் கொண்டாந்து அவரைக்குக் கீழ போடுங்க."

ரெண்டு குதிரையும் சேந்து ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்குக் கொறையாம போடுதுங்க. அதுக்கப்புறம் நாலு நாளைக்கு எங்க வியாபாரம் இதுதான், மேல இருந்து லத்தி கீழ போவும், கீழ இருந்து தண்ணி மேல வரும்.

ராத்திரி ஒம்போது மணிக்கு குதிரைங்களக் கட்டறேன்னு நான்தான் போனேன், அண்ணன் நல்லா காட்டித்தான் குடுத்தார், இழுத்தா அவுந்துக்கற முடிச்சு, ஆனா கயித்தோட வால் நுனியக் கொண்டாந்து வளையத்துக்குள்ள விட்டுடணும், இல்லன்னா குதிரையே பல்லால இழுத்துரும்னார். மல்லிக்கு விட்டேன். கட்டையனுக்கு விட்டேனா?

25 ஜனவரி, சனி

விடலை.

ராத்திரி ஒண்ணே கால் மணிக்கு வண்டிய யாரோ தட்டற சத்தம். பின் கதவ சரியா சாத்தாம வச்சிருந்தோம், கட்டையன் தலைய உள்ள விட்டு கொள்ளு மூட்டையத் தின்னுட்டு இருக்கான். ஊற வச்ச பக்கெட்டும் காலி. அண்ணன் ஓடியாந்து மூட்டையத் தூக்கிப் பாத்தார், நாலு கிலோ கொறையுதுன்னார், மூஞ்சி மாறிருச்சு. எனக்கு மொதல்ல புரியல, தின்னா தின்னுட்டுப் போறான்னேன். குதிரைக்கு வாந்தி எடுக்க வராதுங்க. உள்ள போனது வெளிய வரணும்னா ஒரே வழிதான். காஞ்ச கொள்ளு வயித்துல ஊறி உப்பும், வயிறு அடைச்சுக்கிட்டா உருண்டு பொரளும், நெறைய குதிரை போறது இந்த வயித்து வலியிலதான்னார்.

எஸ்டேட்ல ஒரே ஒரு பாறை மேலதான் டவர் கெடைக்கும். மச்சான் டார்ச்ச எடுத்துட்டு ஏறி கால்நடை டாக்டருக்கு போன் போட்டான், அந்நேரத்துக்கு அவர் எடுத்ததே பெருசு. இனிமே ஒரு வாய் தீனி போடாதீங்க, தண்ணி வைங்க, மெதுவா நடத்துங்க, ரெண்டு பக்க விலாவுலயும் காத வச்சு கேளுங்க, உள்ள கடமுடன்னு சத்தம் வந்தா நல்லது, அமைதியா இருந்தாதான் பயம், உருள ஆரம்பிச்சா உடனே கூப்பிடுங்க நான் கெளம்பி வந்துடறேன்னார். சேலத்துல இருந்து அந்த இருட்டுல வர்றேன்னு சொன்னதே எங்களுக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு.

நாங்க மாத்தி மாத்தி நடத்தினோம். களத்தச் சுத்தி ஒரு ரவுண்டு, நின்னு காத வச்சுக் கேட்டு, மறுபடி ஒரு ரவுண்டு. குதிரை வயித்துல காத வச்சிருக்கீங்களா? கதகதன்னு இருக்கும், உள்ள தூரத்துல லாரி போற மாதிரி ஒரு சத்தம். ஒரு தடவ அந்தச் சத்தம் கேக்கல, எனக்குக் கை நடுங்கிருச்சு, அந்தப் பக்கம் போயி கேட்டா இருந்துச்சு. பாப்பா போர்வையப் போத்திக்கிட்டு படியில உக்காந்திருந்தா, தூங்கு தூங்குன்னாலும் கேக்கல. வீட்டுக்காரி என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

நாலு மணி பத்து நிமிசத்துக்கு கட்டையன் நின்னான், வாலத் தூக்கினான், போட்டான். நாலு பேரும் கைதட்டினோம், சத்தியமா. அண்ணன் டார்ச் அடிச்சு குனிஞ்சு பாத்து, கையில எடுத்து உடைச்சுப் பாத்து, "நல்ல லத்தி"ன்னார். எங்க கல்யாணத்துல கூட இவ்ளோ பேரு ஒரே நேரத்துல சந்தோசப்பட்டிருக்க மாட்டாங்க. அஞ்சரைக்கு இன்னொரு தடவ. விடிஞ்சு ஏழு மணிக்கு மச்சான் பாறை மேல ஏறி டாக்டருக்குச் சொன்னான், அவர் ஒரு நாள் முழுக்க சவாரி வேணாம், கொள்ளு வேணாம், புல்லு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா, குளம்பு சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்கன்னார்.

அன்னிக்கு மலை உச்சியில இருக்கற சேர்வராயன் கோயில் வரைக்கும் சவாரி போற பிளான். போச்சு. நானும் வீட்டுக்காரியும் புல்லுக்கட்டும் காய்கறியும் வாங்க ஏற்காடு டவுன்ல ஒண்டிக்கடைக்குப் போனோம், கேரவன எடுக்கல, எஸ்டேட் ஜீப்புல. நாளைக்குக் குடியரசு தினம், லீவு சேந்துக்கிச்சுன்னு சேலம் ஈரோடு பெங்களூரு எல்லாம் மேல வந்துருச்சு, ரவுண்டானால முக்கா மணி நேரம் நின்னோம். டீ 15, ப்ரெட் ஆம்லெட் 60, ஏரிக்கரையில மிளகாய் பஜ்ஜி பிளேட்டு 50, பஜ்ஜி நல்லாருந்துச்சு, எண்ணெய் பத்தி பேச வேணாம். டூரிஸ்ட் கடையில மிளகு கிலோ 850ன்னான்.

சாயங்காலம் லத்திய எடுத்துட்டுப் போனப்ப அந்தம்மா விசயத்தக் கேட்டுட்டு, "அதான் ராத்திரி பூரா லைட்டு சுத்திக்கிட்டு இருந்துச்சா, நாங்க காட்டெருமை விரட்டறீங்கன்னு நெனச்சோம்"ன்னாங்க. உக்கார வச்சு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாங்க. களிய உருட்டி குழம்புல முக்கி முழுங்கணும், மெல்லக்கூடாது, நான் மென்னேன், பாட்டியோட பேரன் என்னையப் பாத்து சிரிச்சான். அவங்க இந்த மலைக்காரங்கதான், மலையாளி சனம். மலையாளின்னா கேரளாக்காரங்க இல்ல, மலைய ஆளறவங்க. சேர்வராயன் அவங்க சாமி. "நாளைக்குப் போங்க, சாமிக்கு நாங்க வந்தோம்னு சொல்லுங்க"ன்னாங்க.

26 ஜனவரி, ஞாயிறு

காலைல அந்தப் பேரன் வந்து, எங்க பள்ளிக்கூடத்துல கொடி ஏத்தறாங்க குதிரையக் கொண்டாருவீங்களான்னான். கட்டையனுக்கு குளம்பு சூடில்ல, முழியும் தெளிவா இருந்துச்சு, யாரும் ஏறாம கைல பிடிச்சு நடத்திட்டுப் போலாம்னார் அண்ணன். நாப்பது அம்பது பசங்க இருக்கும். கொடி ஏத்தினப்ப எல்லாரும் சல்யூட் அடிச்சுக்கிட்டு கண்ண மட்டும் கட்டையன் பக்கம் வச்சிருந்தாங்க. தலைமையாசிரியை மிட்டாய் குடுக்கும்போது கட்டையனுக்கும் ஒண்ணுன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, அண்ணன் கைகூப்பி "வேணாம் தாயி, அவன் நேத்தே சாப்பிட்டுட்டான்"ன்னார்.

பதினோரு மணிக்கு மல்லி மேல நான். மச்சான் விட்டுக் குடுத்துட்டான், அவன் பின்னாடி எஸ்டேட் பையனோட பைக்ல. சேர்வராயன் கோயில் வரைக்கும் முடிஞ்ச மட்டும் தோட்டத்து வழி, கடைசியில தார் ரோடு. இரும்பு லாடம் தார்ல வழுக்கும், அதனால ரோட்டு ஓரத்து மண்ணுலயே நடை மட்டும். மல்லியோட நடை வேற, கட்டையன் மேல உக்காந்தா உரல்ல போட்டு இடிக்கற மாதிரி, இது ஊஞ்சல். மேல போகப் போக மரம் கொறைஞ்சு, ஒரு பக்கம் பாக்சைட் வெட்டினதோட செவப்புக் காயம் தெரிஞ்சுது, அப்புறம் மொட்டையா புல்லுவெளி, காத்து. 5,300 அடிக்கு மேல, இந்த மலையில இதுதான் உச்சி.

கூட்டம். கோயிலுக்கு ஒரு பர்லாங்கு முன்னாடியே நிறுத்தி எறங்கிட்டேன், வயித்துப் பட்டையக் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். அதுக்குள்ள ஒரு குடும்பம் வந்து "ஒரு ரவுண்டு எவ்ளோ?"ன்னாங்க. கொடைக்கானல் ஏரிக்கரை குதிரைன்னு நெனச்சுட்டாங்க. நாலு நாளா குளிக்காத, வைக்கோல் ஒட்டின என் சட்டையப் பாத்தா யாரும் அப்படித்தான் நெனப்பாங்க. வாடகைக்கு இல்லைங்கன்னேன். அவர் விடல, "நூறு ரூவா தர்றேன், குழந்தை அழுவுது." அடுத்து ஒருத்தர் நூத்தம்பதுன்னார். மச்சான் பைக்ல இருந்தபடியே "மாமா, ரெண்டு நாள் நின்னா கேரவன் வாடகை வந்துரும்"ன்னான்.

நான் மட்டும் கோயிலுக்குள்ள போயிட்டு வந்தேன். குகைக் கோயில், குனிஞ்சுதான் போகணும், உள்ள ஈரம், விளக்கு, சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாசம் திருவிழாவுக்கு மலை ஊருங்க அத்தனையும் இங்க வரும். பின்னாடி ஆள் நெருக்கிக்கிட்டே இருந்தாங்க, அந்தம்மா சொன்னத மட்டும் சாமிகிட்ட சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

திரும்பும்போது விழுந்தேன். ரெண்டு நாள் முன்னாடி காட்டெருமைக்கு அசையாம நின்ன மல்லி, காத்துல பறந்து வந்த ஒரு சிப்ஸ் கவருக்கு நாலடி பக்கவாட்டுல தாவுச்சு. மல்லி அந்தப் பக்கம் போச்சு, நான் இருந்த எடத்துலயே இருந்தேன், ஆனா கீழ. புல்லுதான், அடி பெருசா இல்ல, இடுப்பு மட்டும் பிடிச்சுக்கிச்சு. மல்லி பத்தடி தள்ளி நின்னு கவரையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. நூத்தம்பது ரூவா தர்றேன்னவர் தன் குழந்தையத் தூக்கிக்கிட்டு கார் பக்கம் வேகமா போனார்.

27 ஜனவரி, திங்கள்

காலைல கயிறு அவுத்து, சாக்கு எடுத்து, லத்திய கடைசியா ஒரு தடவ கூட்டி அள்ளிட்டுப் போயி அவரைப் பந்தலுக்குக் கீழ கொட்டினோம். அந்தம்மா ஒரு துணிப்பையில மிளகு குடுத்தாங்க, ஒரு கிலோ இருக்கும், இதுக்காச்சும் காசு வாங்கிக்கங்கன்னு கெஞ்சி 650 குடுத்தோம், அதுல அம்பது ரூவாய பாப்பா கைல திருப்பி வச்சுட்டாங்க. "அடுத்த வாட்டி வந்தா ரெண்டு குதிரை பத்தாது கண்ணு, நாலா கொண்டாங்க, மிளகுக்கும் போடணும்"ன்னாங்க.

எறக்கத்துல பிக்கப் டிரைவர் கெளம்பும்போதே சொன்னார், "ஏறின கியர்லயே எறங்குங்கண்ணா, பிரேக்க நம்பாதீங்க." நான் மொத பத்து வளைவு ரெண்டாவது கியர்ல ஒழுங்கா வந்தேன், அப்புறம் பின்னாடி ஒரு கார்க்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான், அவனுக்காக மூணாவது போட்டு பிரேக்க மிதிச்சு மிதிச்சு வந்ததுல ஒரு எடத்துல கருகின வாசம். ஓரங்கட்டினோம். முன் வீல் கிட்ட கை வச்சா அனல். இருபத்தஞ்சு நிமிசம் குரங்குகளப் பாத்துக்கிட்டு நின்னோம், அதுல ஒண்ணு கண்ணாடி வழியா கைய விட்டு பாப்பாவோட பிஸ்கட்ட எடுத்துருச்சு. ஹாரன் அடிச்சவன் எப்பவோ அடிவாரம் போயிருப்பான்.

கேரவனத் திருப்பி விடும்போது கீறலுக்கு 3,000 பிடிச்சுக்கிட்டாங்க, உள்ள குதிரை வாசம் வருதுன்னு கிளீனிங்குக்கு 1,500. வாசம் வருதுன்னு நாங்களே ஒத்துக்கிட்டோம், பேரம் பேசல. வீட்டுக்கு வர்ற வழியில தட்டுவடை செட் வாங்கினேன், மடியில வச்சுக்கிட்டேன்.

வெந்நி வச்சு ரெண்டு பக்கெட் தண்ணியில குளிச்சேன். மூணாவது பக்கெட் பிடிக்கப் போயி, குழாய மூடிட்டேன்.

இன்னிக்குக் காலைல ஆறரைக்கு மச்சான் குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு போட்டோ போட்டிருந்தான், வாழப்பாடி தோட்டத்து லாயம், தரையில கட்டையனோட லத்தி, கீழ "நார்மல்"ன்னு ஒரே வார்த்தை. எங்க மாமியார் அதுக்கு ரெண்டு கை கூப்பின எமோஜி போட்டிருக்காங்க.